பல்தானே என்று சொல்லாதீர்கள்



2025ஆம் ஆண்டு ரமளானின் ஸஹர் வேளைகளில்தான் அதை நான் முதன்முதலாகக் கவனித்தேன். என் துணைவியார் சோற்றை வாயின் ஒரு பக்கமாகவே ஒதுக்கி மென்றுகொண்டிருந்தார். மாலையில் நோன்பு திறந்தபின் கஞ்சியை மட்டும் குடித்துவிட்டு, வடைத் தட்டைப் பிள்ளைகள் பக்கம் நகர்த்திவிடுவார். கேட்டால், "பசியில்லைங்க" என்பார். பகல் முழுவதும் நோன்பிருந்தவர் பசியில்லை என்று சொன்னதை அப்படியே நம்பிய என் கவனக்குறைவை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பெருநாள் பிறை தெரிந்த இரவில் அவருடைய வலது கன்னம் வீங்கிவிட்டது. அப்போதும், "பல்தானேங்க, நாலு நாள்ல சரியாயிடும்" என்றுதான் சொன்னார். அஞ்சறைப் பெட்டியிலிருந்த கிராம்பு முழுவதும் தீர்ந்திருந்ததை என் மகள்தான் எடுத்துக் காட்டினாள். வலி தொடங்கி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். அந்த ஆண்டு மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது என்பது முதற்காரணம். நோன்பு நாளில் பல் மருத்துவரிடம் போனால் நோன்பு முறிந்துவிடும் என்று எண்ணியது இரண்டாவது காரணம். ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி முடிவு சொல்லியிருக்கிறது. பல்லைத் துளைப்பதோ பிடுங்குவதோ சுத்தம் செய்வதோ, தொண்டைக்குள் எதையும் விழுங்காதவரை, நோன்பை முறிக்காது. இதை நானும் அறிந்திருக்கவில்லை. மார்க்கம் சுமத்தாத ஒரு வலியை மார்க்கத்தின் பெயரால் அவர் சுமந்திருக்கிறார்.

பெருநாளுக்கு மறுநாள் செஞ்சியிலேயே ஒரு பல் மருத்துவரைப் பார்த்தோம். இரண்டு பற்களை ரூட் கேனல் செய்து காப்பாற்றலாம், ஒன்றைப் பிடுங்கத்தான் வேண்டும் என்றார். "ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் அடைத்தே அனுப்பியிருப்பேன் பாய்" என்று அவர் சொன்னது என் காதில் நெடுநாள் ஒலித்தது. ரூட் கேனல் இரண்டுக்கு 8,000 ரூபாய், மேலே போடும் கேப் இரண்டுக்கு 9,000, பல் எடுக்க 700, எக்ஸ்ரேயும் மருந்தும் 1,300. ஆக மொத்தம் 19,000 ரூபாய்.

நான் நெல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைகள் குவியும் மாதங்களில் எங்கள் கையிலும் பணம் புழங்கும். வரத்துக் குறைந்தால் வருமானமும் குறையும். எனக்கு இ.எஸ்.ஐ. கிடையாது, முதலாளி எடுத்துத் தரும் காப்பீடும் கிடையாது. மனைவியின் வளையலை அடகு வைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வட்டியை நினைத்துப் பின்வாங்கினேன். மைத்துனர் கடனாகக் கொடுத்தார். வட்டியில்லாத அழகிய கடன். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

இனி இப்படி ஒரு நிலை வரக்கூடாது, பல்லுக்கென்று ஒரு காப்பீடு எடுத்துவிடுவோம் என்று அன்றிரவே முடிவு செய்தேன். அந்த முடிவு எங்கே போய் நின்றது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முகவர் காட்டிய பக்கம்

மண்டிக்கு வழக்கமாக வரும் காப்பீட்டு முகவர் ஒருவரை அழைத்தேன். நேர்மையான இளைஞர். "பாய், பல்லுக்கு மட்டும்னு தனியா ஒரு பாலிசி நம்ம பக்கம் தேடிக் கண்டுபிடிக்கிறதே கஷ்டம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நம் நாட்டில் மருத்துவக் காப்பீடு என்பது பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கானது. அந்தப் பாலிசிகளில் 'விலக்குகள்' என்றொரு பகுதி இருக்கும். விபத்தில் தாடையோ பல்லோ உடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் தருவார்கள். சொத்தைப் பல்லுக்கும் ஈறு நோய்க்கும் பொதுவாகத் தருவதில்லை.

தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும் கேட்டேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அது பேருதவி. தகுதியுள்ளவர்கள் அட்டை வாங்காமல் இருந்தால் உடனே வாங்கிவிடுங்கள். ஆனால் அதுவும் பெரிய சிகிச்சைகளுக்காக ஏற்பட்டதே அன்றி, பல் அடைப்பதற்காக ஏற்பட்டதன்று.

எஞ்சியது ஒரே வழிதான். மருத்துவமனைக் காப்பீட்டோடு, வெளிநோயாளர் செலவுக்கான கூடுதல் பிரிவு ஒன்றைச் சேர்த்து எடுப்பது. அதற்குள் பல்லும் அடங்கும். முகவர் காட்டிய திட்டத்தில் அந்தக் கூடுதல் பிரிவுக்கு மட்டும் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 7,080 ரூபாய். வெளிநோயாளர் செலவின் உச்சவரம்பு 10,000. அதில் பல்லுக்கு 5,000 வரைதான். கேப், செயற்கைப் பல் ஆகியவற்றுக்கு இல்லை. பாலிசி தொடங்கும் முன்பே இருந்த கோளாறுகளுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு.

மண்டிக் கணக்கனல்லவா, உடனே தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். இந்தத் திட்டம் எங்களிடம் ஏற்கெனவே இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 19,000இல் கேப்புக்கான 9,000 கழிந்துவிடும். மீதி 10,000இல் வரம்பு 5,000. ஆக, 7,080 கட்டி 5,000 பெற்றிருப்போம். மோசமான ஆண்டிலேயே இந்த நிலை. அடிக்கடி மருத்துவரிடம் போகிறவர்களுக்கும் பரிசோதனைகள் செய்துகொள்கிறவர்களுக்கும் அந்த மற்றொரு 5,000 பயன்படலாம், அவர்களின் கணக்கு வேறு. பல்லை மட்டும் நினைத்து எடுத்தால் எங்களுக்கு நட்டமே.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீங்கியபோது அந்த இளைஞர் மறுபடியும் வந்தார். "இப்ப 6,000தான் பாய்" என்றார். அவரே சிரித்துக்கொண்டு, "அப்பவும் உங்க கணக்கு மாறாதுதான்" என்றும் சொன்னார்.

ஏன் இப்படி?

நிறுவனங்கள் ஏமாற்றுகின்றன என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் காரணம் வேறு. வீடு தீப்பற்றுவது அரிது. பற்றினால் பேரிழப்பு. அப்படிப்பட்ட அரிய பேரிழப்பை ஆயிரம் பேர் பங்கிட்டுக்கொள்வதில்தான் காப்பீடு நடக்கிறது. பல் அப்படியல்ல. உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு வாய்நோய்கள் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அநேகமாக எல்லோருக்கும் வரக்கூடியது, மெதுவாக வருவது, வருவது முன்பே தெரிவது. அதோடு, பல் காப்பீட்டைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் என்னைப்போல வலி கண்டபின் வருகிறவரே. ஆகவே நிறுவனங்கள் காத்திருப்புக் காலம், உச்சவரம்பு, விலக்கு என்று வேலி போடுகின்றன. வேலி போட்டபின் மிஞ்சுவது காப்பீடு என்பதைவிட, நம் பணத்தை நாமே முன்கூட்டிக் கட்டி, கழிவு போகத் திரும்பப் பெறும் ஏற்பாடு.

எங்கள் செஞ்சிக் கோட்டையில் ஒரு தானியக் களஞ்சியம் இருக்கிறது. சுவர் தடித்த பெரிய கட்டடம். முகலாயத் தளபதி ஸுல்ஃபிகார் கான் 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். அத்தனை ஆண்டுகள் ஒரு கோட்டை தாக்குப்பிடித்ததென்றால், மதிலைப் போலவே உள்ளே இருந்த இருப்பும் முக்கியம். யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தில் செழிப்பான ஏழு ஆண்டுகளின் தானியத்தைப் பஞ்ச ஆண்டுகளுக்காகச் சேமிக்கச் செய்த வரலாற்றைக் குர்ஆனில் ஓதுகிறோம். வலி வந்தபின் பாலிசி தேடிய நான், முற்றுகை வந்தபின் களஞ்சியம் கட்டக் கல் தேடியவன்.

ஹஜரத் சொன்ன ஒட்டகக் கணக்கு

பணக் கணக்கு ஒருபுறம் இருக்க, மார்க்கக் கணக்கும் இருந்தது. எங்கள் பள்ளிவாசல் ஹஜரத்திடம் போனேன். வணிகக் காப்பீட்டில் கட்டுகிற தொகைக்கு ஈடாக எது கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெளிவில்லை. அந்தத் தெளிவின்மையையும், அந்தப் பணம் வட்டியில் முதலீடு செய்யப்படுவதையும் அறிஞர்கள் ஆட்சேபித்திருக்கிறார்கள் என்று விளக்கினார். அதே ஜித்தா அகாடமி 1985இல் வணிகக் காப்பீட்டைத் தடுத்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை அனுமதித்தது. மலேசியா போன்ற நாடுகளில் 'தகாஃபுல்' என்ற பெயரில் நடப்பது இந்த வழியே. இந்தியச் சூழலில் பெரிய மருத்துவச் செலவுகளுக்குக் காப்பீடு எடுப்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. "அது தனிப் பேச்சு. உங்கள் கேள்வி பல்லைப் பற்றியது. சேமித்தும் சொந்தங்கள் கைகோத்தும் சமாளிக்கக்கூடிய ஒன்றுக்காகச் சந்தேகமானதில் ஏன் நுழைய வேண்டும்?" என்று கேட்டார்.

நானும் அறியாமல், "பல்தானே ஹஜரத்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஷரீஅத்தில் ஒரு பல்லின் மதிப்பு என்ன தெரியுமா? ஒருவர் மற்றவரின் பல்லைத் தவறுதலாக உடைத்துவிட்டால் ஈட்டுத்தொகை ஐந்து ஒட்டகங்கள். முன்பல்லும் கடைவாய்ப் பல்லும் சமம்" என்றார். ஹதீஸ் நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. ஒரு பல்லுக்கு ஐந்து ஒட்டகம்! என் வீட்டில் ஒருவர் அதைக் கிராம்பை வைத்து எட்டு மாதம் ஓட்டியிருந்தார்.

அர்ஃபஜா (ரழி) என்ற நபித்தோழருக்கு ஒரு போரில் மூக்கு அறுபட்டது. வெள்ளியால் மூக்குப் பொருத்தினார், அது நாற்றமெடுத்தது. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கூறினார்கள். ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டலாம் என்ற சட்டத்தை அறிஞர்கள் இதிலிருந்து எடுத்தார்கள் என்றும் ஹஜரத் சொன்னார். குர்துபாவின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பற்காரையைச் சுரண்டும் கருவிகளைப் படம் வரைந்து காட்டி, ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டும் முறையையும் எழுதிவைத்தார். சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லையென்றால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டாயமாக்கியிருப்பேன் என்று சொன்ன நபியின் உம்மத் நாம். "பல்தானே" என்ற சொல் நம் வாயில் எப்படி வந்தது?

கடமையான குளிப்பில் கேப்புக்கு அடியில் தண்ணீர் போகாதே என்ற என் துணைவியாரின் ஐயத்தையும் கேட்டேன். கழற்ற முடியாதபடி ஒட்டப்பட்ட கேப் பல்லின் இடத்தில் இருப்பதால், அதன்மேல் தண்ணீர் பட்டால் போதும் என்றார்.

விடைபெறும்போது அஷ்அரீ குலத்தாரைப் பற்றிய ஹதீஸை நினைவூட்டினார். பயணத்திலோ ஊரிலோ உணவு குறைந்துவிட்டால் அவர்கள் எல்லோரும் தம்மிடமுள்ளதை ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்று நபியவர்கள் அவர்களைப் பாராட்டினார்கள்.

அக்காவின் நோட்டு

அந்த ஒரே துணிதான் எங்களுக்கு வழிகாட்டியது. அமெரிக்காவில் பல் காப்பீடு வளர்ந்த கதையும் அப்படித்தான் என்று பின்னர் படித்தேன். 1954இல் மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர்களின் சங்கம் தம் பிள்ளைகளின் பற்களுக்காக ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடே அங்கு முன்னோடியாக அமைந்தது. மூட்டை தூக்கியவர்கள் சேர்ந்து செய்ததை மூட்டைக் கணக்கு எழுதுகிறவன் செய்யக் கூடாதா?

2025 மே மாதம் நாங்கள் ஐந்து குடும்பங்கள் கூடினோம். நான், தம்பி, அக்கா, தங்கை, மைத்துனர். வீட்டுக்கு மாதம் 300 ரூபாய். ஆண்டுக்கு 18,000. விதிகளை எழுதிக்கொண்டோம்.

கொடுப்பது நன்கொடை, விலகினால் திருப்பிக் கேட்பதில்லை. ஸகாத் பணத்தை இதில் கலப்பதில்லை, அதற்கு உரியவர்கள் வேறு. முதற்செலவு எல்லோருக்கும் பரிசோதனையும் சுத்தம் செய்தலும். அதற்குமேல் சிகிச்சைக்கு ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 5,000 வரை நிதியிலிருந்தே தரப்படும். அதைத் தாண்டினால் அழகிய கடன். நோட்டும் பணமும் அக்காவிடம் இருக்கும்.

கடைசி விதியை என் துணைவியார் சேர்த்தார்: "பெண்கள் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் வந்துவிட்டால் பிள்ளைகளும் ஆண்களும் தானாக வந்துவிடுவார்கள்." யாரும் மறுக்கவில்லை.

அந்த விதியால்தான் தங்கை முதலிலேயே போனாள். வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துப் போடுவது அவளுக்குப் பல ஆண்டுப் பழக்கம். கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருப்பதை மருத்துவர் கண்டார். வலி இல்லாததால் அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. புதுச்சேரியில் உள்ள மகாத்மா காந்தி அரசு பல் மருத்துவ நிறுவனத்திற்கு அழைத்துச் சென்றோம். செஞ்சியிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை. புற்று இல்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் புகையிலையை விடாவிட்டால் புற்றாக மாறக்கூடும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். பேருந்தில் திரும்பும்போது அவள், "அண்ணே, அந்த நோட்டு இல்லேன்னா நான் போயிருக்கவே மாட்டேன்" என்றாள். வெற்றிலைப் பெட்டியை அன்றே அக்காவிடம் ஒப்படைத்தாள். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். இதில் ஒரு விந்தையையும் கவனியுங்கள். வாய்ப்புற்று முற்றி அறுவை செய்யும் நிலை வந்தால் மருத்துவமனைக் காப்பீடு கைகொடுக்கக்கூடும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பல் பரிசோதனை அதன் கணக்கில் வருவதில்லை.

ஒன்பது மாதங்களில் சேர்ந்தது 13,500. எட்டுப் பேருக்குச் சுத்தம் செய்ய 4,800, மூன்று பல் அடைக்க 2,400. கையிருப்பு 6,300. இதுவரை யாருக்கும் ரூட் கேனல் தேவைப்படவில்லை.

நீங்கள் தேர்ந்தெடுக்கும்போது

எல்லோரும் எங்கள் வழியையே பின்பற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. ஊரை விட்டுத் தனியே வாழ்பவர்களுக்கு ஐந்து குடும்பங்கள் கிடைக்காமல் போகலாம். மார்க்க விளக்கத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டுத் திட்டம் எடுப்பதென முடிவு செய்தால், பயன்கள் பட்டியலைப் பார்க்கும் முன் விலக்குகள் பட்டியலைப் படியுங்கள். பல்லுக்கெனத் தனி உச்சவரம்பு எவ்வளவு, ரூட் கேனலும் கேப்பும் உண்டா, காத்திருப்பு எத்தனை மாதம், உங்கள் ஊரில் எந்த மருத்துவரிடம் செல்லும் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். முன்பே இருக்கும் நோயை மறைக்காதீர்கள். அது பொய்; பின்னால் கோரிக்கையை மறுக்கவும் காரணமாகும். பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. கட்டும் தொகையையும் கிடைக்கக்கூடிய உச்சத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் கவனம் கொள்ளுங்கள். சர்க்கரை ஈறைக் கெடுக்கும், ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றிரவு உணவு வேளையில் உங்கள் வீட்டில் யாராவது ஒரு பக்கமாக மெல்லுகிறார்களா என்று பாருங்கள். இருந்தால், "பசியில்லை" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

மைத்துனரின் கடனைத் தை மாதத்தில் அடைத்துவிட்டேன். சென்ற வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து வரும்போது வறுத்த வேர்க்கடலை வாங்கி வந்தேன். என் துணைவியார் இரண்டு பக்கமும் மென்று தின்றார். பொட்டலம் எனக்கு மிஞ்சவில்லை.

நம் உடலை நம்மிடம் அமானிதமாகத் தந்த இறைவன், அதைப் பேணும் அறிவையும், நம் வீட்டார் சொல்லாமல் சுமக்கும் வலியைக் காணும் கண்ணையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.